செண்பகம், இருக்கியா?

நவம்பர் 4, திங்கள்

மாடி அறைக்கு வந்துவிட்டேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, தெருவைப் பார்த்த சன்னல். இத்தனை பெரிய இடத்தில் நான் தனியாகப் படுத்ததே இல்லை. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் கீழ்வீட்டில் பலகாரம் செய்து கொடுக்க வேண்டும். பாத்திரம் கழுவி அடுக்களையை ஒதுங்க வைத்துவிட்டு நான் பயிற்சி வகுப்புக்குப் போகலாம். பிப்ரவரியில் வங்கித் தேர்வு. அதுவரை இந்த அறை எனக்கு வேண்டும். இல்லாவிட்டால் ஊர்தான். ஊர் என்றால் மடியில் பீடித் தட்டும், அம்மா பேசி வைத்திருக்கும் அத்தை மகனும்.

இடம் பிடித்துக் கொடுத்தது மாடத்தி அக்கா. எங்கள் ஊர்க்காரர், இந்தத் தெருக்களில் கீரை விற்கிறார். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள்.

வீட்டுக்காரர் குற்றாலிங்கம் சார், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை. அதனால் கேப்பை, கம்பு, குதிரைவாலி, கீரை என்றுதான் காலைச் சாப்பாடு. அவர் மனைவி பிரமு அம்மா சொன்ன முதல் கட்டளை, ஓட்டல் பொட்டலம் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. நிலையாக ஒரு ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார். வருகிறவர்கள் ஒரு மாதம்கூட நிற்பதில்லையாம்.

பெயர் கேட்டார். இசக்கியம்மாள் என்றேன். கல்லூரியில் சிரிப்பார்கள் என்பதால் மெதுவாகச் சொல்லியே பழக்கம். பிரமு அம்மா சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுல வேலைக்கு வாறவங்க எல்லாரையும் செண்பகம்னுதான் கூப்பிடுவோம். வாய் பழகிட்டு. ஒனக்கு ஒண்ணும் இல்லேல்லா?”

இல்லை என்றேன். காலையில் கொஞ்ச நேரம் வேறு பெயர். அதில் என்ன வந்தது.

நவம்பர் 5

முதல் நாள். கேப்பை இடியாப்பம், சர்க்கரை போடாத தேங்காய்ப்பால்.

அடுக்களை வீட்டின் கடைசியில் இருக்கிறது. சாப்பாட்டு மேசை முன்கூடத்தில். நடுவில் நீளமான நடை, ஒரு சாமான் அறை. அங்கே இருந்து பார்த்தால் இங்கே இருப்பவர் தெரியாது. மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கூடத்தில் இருந்து குரல் வந்தது. “செண்பகம், இருக்கியா?” கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். பிரமு அம்மா மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றார்.

“வரச் சொல்லல. இருக்கியான்னுதான் கேட்டேன். இருக்கேம்மான்னு ஒரு சத்தம் குடு. போதும்.”

திரும்பி வந்து இடியாப்ப உரலில் மாவை அடைப்பதற்குள் மறுபடி கூப்பிட்டார். தட்டு வேகும்போது ஒரு தடவை. தேங்காய் துருவும்போது ஒரு தடவை. இருக்கேம்மா, இருக்கேம்மா என்று சொல்லிக்கொண்டே சமைத்தேன். முந்தைய ஆட்கள் ஏன் நிற்கவில்லை என்று புரிந்தது. எனக்கு இது பெரிய காரியமில்லை. வீட்டில் தம்பியின் அழுகைக்கு நடுவில் கணக்குப் போட்டுப் படித்தவள்.

நவம்பர் 9

வீட்டில் காலைச் சாப்பாடு என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. கடுங்காப்பி, சில நாள் பன். அம்மா இருட்டிலேயே பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவாள். மதியம் ஒரே உலை. இங்கே அவர்கள் சாப்பிடுவதையே நானும் சாப்பிடுகிறேன், அடுக்களை முக்காலியில் உட்கார்ந்து. இன்று கம்பு அடை, பிரண்டைத் துவையல். அடையின் ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. சூடாக ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று போட்டுக்கொண்டேன். வகுப்பில் பதினொரு மணிக்கு வரும் தலைசுற்றல் இந்த வாரம் வரவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

மாடத்தி அக்கா முடக்கத்தான் கீரை கொண்டுவந்தார். பிரமு அம்மாவின் மூட்டுக்கு வாரம் இரண்டு தடவை முடக்கத்தான் தோசை. வாசலில் வைத்துச் செண்பகம் யார் என்று கேட்டேன். வெகு காலம் இந்த வீட்டில் வேலை பார்த்தவராம். போன வருசம் செத்துப்போனார். எங்கே என்று கேட்டதும் அக்கா கூடையைத் தலைக்கு ஏற்றினார்.

“அங்கனதான். அடுக்களையில. நெஞ்சுவலி.” பிறகு என் கையைப் பிடித்தார். “ஒனக்கு எடம் வேணும்லா? கேக்காத மாதிரி இரி.”

அப்படித்தான் இருக்கப்போகிறேன். இயற்பியல் படித்தவள் நான். விளக்கை மட்டும் கொஞ்சம் முன்னதாகப் போட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 18

கிரைண்டருக்குப் பக்கத்தில் தரை மட்டும் மற்ற இடத்தைவிடச் சில்லென்று இருக்கிறது. கீழே தண்ணீர்க் குழாய் போகிறது போலிருக்கிறது.

டிசம்பர் 2

குதிரைவாலிப் பொங்கல். தாளிக்கும்போது பெருங்காயம் தீர்ந்திருந்தது. மேல் பரணில் பழைய தகர டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டேன். அங்கே ஒரு கட்டிப் பெருங்காயம் இருந்தது. அங்கே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் பெண்கள் அங்கேதான் வைப்பார்கள்.

பிரமு அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். “அதே கை,” என்றார். சார் பேப்பரைத் திருப்பினார்.

சுடிதாரில் கறை படுகிறது என்று ஒரு நூல் புடவை கொடுத்தார். வெளிறிய கத்தரிப்பூ நிறம். பெட்டியில் சும்மா கிடக்கிறதாம். மடித்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 10

சுடிதார் இரண்டும் காயவில்லை, மழை. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டேன். நூல் புடவை வேலைக்கு வசதிதான்.

டிசம்பர் 14

அம்மா போன் செய்தாள். கையில் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். விடுதியில் தங்கியிருக்கிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பட்டம் வாங்கிய மகள் இன்னொரு வீட்டில் அடுப்படியில் நிற்கிறாள் என்று தெரிந்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது அவளுக்கு.

“ஏட்டி, சாப்ட்டியா? ஒடம்பு தேறியிருக்கா?”

தேறியிருக்கிறது என்றேன். அப்போது கூடத்தில் இருந்து குரல் வந்தது. இருக்கேம்மா என்றேன், வழக்கம்போல.

“யாருட்டி அது, செண்பகம்?”

இங்கே சமைக்கிற அக்கா என்றேன்.

“பதில் சொன்னது அவளா? சத்தம் அப்படியே ஒன் சத்தம் மாதிரில்லா இருக்கு,” என்றாள் அம்மா.

டிசம்பர் 23

இன்று பிரமு அம்மா கூப்பிடுவதற்கு முன்பே நான் பதில் சொல்லிவிட்டேன். காப்பி கொண்டுபோனபோது அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். சார் பேப்பரை இறக்கி என் புடவையைப் பார்த்தார், உடனே ஏற்றிக்கொண்டார்.

ஜனவரி 6, திங்கள்

வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தார்கள். ஆசிரியர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். யார் அது, பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் என் விலாவில் இடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தூக்கம் குறைவு. அவ்வளவுதான். மாதிரித் தேர்வில் நல்ல மதிப்பெண்தான் வந்திருக்கிறது.

ஜனவரி 14

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. பிரமு அம்மா இருக்கச் சொன்னார். அம்மாவிடம் சிறப்பு வகுப்பு என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. தேர்வு நடக்கும் இடம் திருநெல்வேலியிலேயே. பலகாரம் வைக்கும்போது சாரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, நல்லா எழுதும்மா என்றார்.

பிரமு அம்மா தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். நான் நடையைத் தாண்டுவதற்குள், எனக்குக் கேட்கட்டும் என்றே சாரிடம் சொன்னார்: “பாஸாகிட்டா போயிருவா. எலும்பும் தோலுமா வந்தா. எவ்வளவு திங்கா, நமக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. எங்க சோத்துலதானே ஒடம்பு வச்சா. செண்பகம்னு கூப்பிட்டா மட்டும் போதுமா, அவளுக்கு இருந்த நன்றி இவளுக்கு வருமா?”

இரண்டாவது அடை அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மூன்று மாதமும் தெரிந்திருக்கிறது.

இன்று நான் சாப்பிடவில்லை. என் பங்கைப் பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 25, சனி

நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

சார் காலை நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். நான் சுடிதாரில்தான் இறங்கிப் போனேன். கேப்பை மாவைப் பிசைந்து வைத்தேன், இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றினேன். கூடத்தில் இருந்து குரல் வந்தது.

நான் பதில் சொல்லவில்லை.

கூச்சத்தில் வாய் வராமல் நின்றது எத்தனையோ தடவை. பள்ளியில், கல்லூரியில், பேருந்தில் மீதிச் சில்லறை கேட்பதற்குக்கூட. வேண்டுமென்றே பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அது நன்றாக இருந்தது. உரலில் மாவை அடைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது. மூன்றாவது தடவை பெயரை மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கூப்பாடு இல்லை. தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும். பேசாமல் போய்விடுவார், பிறகு சாரிடம் சொல்வார், நான் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இந்த வேலை தேவையா என்றும் நினைத்தேன். வாயைத் திறந்தேன். அப்போது கூடத்தில் நாற்காலி இழுபட்டது.

பிரமு அம்மா அடுக்களைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. காய் நறுக்குவது, கீரை ஆய்வது எல்லாம் மேசையில்தான். மூட்டுவலி என்று நினைத்திருந்தேன். நடையில் கால் தேய்ந்து வரும் சத்தம் கேட்டது. சாமான் அறை வரை வந்து நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றது. மறுபடி தேய்ந்தது.

வாசலில் வந்து நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்களை இறுக மூடியிருந்தார்.

“செண்பகம்,” என்றார். சண்டை போட்ட சின்னப்பிள்ளை சமாதானத்துக்கு வருகிற குரல். “நாந்தான் மொதல்ல பேசுதேன். ஒனக்குத்தான் ஜெயம். எந்திரி.”

எனக்குப் புரியவில்லை. நான் நின்றுகொண்டுதானே இருக்கிறேன்.

“நான் தோத்துட்டேன்னே வச்சுக்க, பிள்ள. எந்திரிச்சு வா. தரை குளுருதுல்லா?”

கையில் இருந்த உரலை மேடையில் வைத்தேன். அந்தச் சத்தத்தில் அவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது.

“அம்மா, நான் இசக்கி,” என்றேன். எனக்கே புதிதாகக் கேட்டது.

கண்களைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. கிரைண்டருக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. நானும் பார்த்தேன், யாரும் இல்லை. ஆனால் யாரும் இல்லாத இடத்தைப் பார்ப்பவருடைய முகம் அப்படி இருக்காது.

அப்படியே நிலையோடு சரிந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“நீ யாரு, பிள்ள?”

மறுபடி பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், மாடி அறையில் இருக்கிறேன் என்றேன்.

“எப்ப வந்த?” என்றார்.

ஜனவரி 26

சார் மாடிக்கு வந்தார். இந்த மூன்று மாதத்தில் முதல் தடவை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

செண்பகத்துக்கும் பிரமு அம்மாவுக்கும் சண்டை வந்தால் இரண்டு பேரும் பேசமாட்டார்களாம். சில சமயம் ஒரு நாள், சில சமயம் ஒரு வாரம். யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றார். செண்பகம் ஜாடையில் பேசுவார், பிரமு அம்மா சாரைப் பார்த்துப் பேசுவார், பலகாரம் மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வந்துவிடும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை அது. கடைசியில் தோற்பது செண்பகமாகத்தான் இருக்கும். சம்பளம் வாங்குகிறவர் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருக்க முடியும் என்று சாரே சொன்னார்.

செத்துப்போனதற்கு முந்தின நாள், மகள் வீட்டுக்குப் போக லீவு கேட்டிருக்கிறார் செண்பகம். பிரமு அம்மா ஏதோ சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கூடத்தில் இருந்து கூப்பிட்டபோது பதில் இல்லை. ஒரு தடவைதான் கூப்பிட்டார். வீம்பு பிடிக்கிறாள், அவளாக வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். சார் எழுந்து பார்க்கப் போனாராம். நீங்க போனா நான் தோத்த மாதிரி, உக்காருங்க என்று தடுத்துவிட்டார். ஓட்டலில் இட்லி வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்து, அந்த மேசையிலேயே இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

“நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ அவளுக்கு உசுரு இருந்திருக்கு,” என்றார் சார். “டாக்டர் சொன்னாரு.”

போகச் சொன்னால் நான் போய்விடுகிறேன் என்றேன். அவர் என் மேசையில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார். தேர்வு முடியட்டும்மா என்றார். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

ஜனவரி 29

பிரமு அம்மா கூப்பிடுவதில்லை. மூன்று நாளாக அந்தப் பக்கம் இருந்து சத்தமே இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். இன்று இரண்டு தடவை அடுப்பைக் குறைத்துவிட்டு நடையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். உட்கார்ந்துதான் இருந்தார். மூன்றாவது தடவை போனபோது தோசை தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 1, சனி

காப்பியை வைத்துவிட்டு நானே சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னேன். அம்மா, பழையபடி கூப்பிடுங்க, ஆனா இசக்கின்னு கூப்பிடுங்க என்றேன். பிரமு அம்மா தலையை ஆட்டினார்.

நான் அடுக்களைக்குப் போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்டார். “இசக்கி, இருக்கியா?”

வேறு ஒரு குரலை எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அதே குரல்தான். பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. என் பெயர் அந்த நடையில் வந்து, அந்தத் தரையைத் தாண்டி, என்னிடம் வந்தது.

இருக்கேம்மா என்றேன். இரண்டு தடவை சொன்னேன், கேட்டிருக்காதோ என்று.

பிப்ரவரி 16

தேர்வு எழுதிவிட்டேன். காலையில் பிரமு அம்மா உளுந்தங்களி கிண்டச் சொன்னார். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தூக்கலாக. யாருக்கு என்று கேட்டதற்கு ஒனக்குத்தான் என்றார். மேசையில் உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21

கிடைத்துவிட்டது. தருமபுரி பக்கம் ஒரு கிளை. அம்மா போனில் அழுதாள். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லோரும் வாங்கிப் பேசினார்கள். அத்தை மகன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பிரமு அம்மாவிடம் சொன்னேன். நல்லது என்றார். பிறகு சாரைப் பார்த்து, மாடத்திகிட்ட சொல்லி வைங்க, ஆள் பாக்கணும் என்றார்.

மே 3, சனி

புது ஆள் வந்திருக்கிறார். முத்துப்பேச்சி, நாற்பது வயது இருக்கும். தங்க இடம் வேண்டும் என்று வந்தவர். எது எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். சாருக்கு எதைப் போடக்கூடாது, முடக்கத்தானை எவ்வளவு அரைக்க வேண்டும், எல்லாம். கடைசியாக, கூப்பிட்டால் உடனே சத்தம் கொடுங்க, கோபத்தில்கூடப் பேசாமல் இருந்துவிடாதீங்க என்றேன். உங்க பெயரையும் முதல் நாளே சொல்லிவிடுங்க, அந்தப் பெயரிலேயே கூப்பிடச் சொல்லுங்க என்றும் சொன்னேன்.

அவர் அரிசி டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: “பேருல என்ன பாப்பா இருக்கு. எடம் கெடச்சிருக்கு.”

மே 4

பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

இன்று காலை முத்துப்பேச்சி அக்காதான் சமைத்தார். சார் என்னை மேசையில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அங்கே இருந்து பார்த்தால் நடையின் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. அதன் கடைசியில் ஆள் இருப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. பாதி இடியாப்பத்தைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தேன்.

பிரமு அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட்டார்.

“இசக்கி, இருக்கியா?”

நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அடுக்களையில் இருந்து பதில் வந்தது.

“இருக்கேம்மா.”

சார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் எழுந்து கையைக் கழுவினேன், பெட்டியை எடுத்தேன். போயிட்டு வாறேம்மா என்றேன். பிரமு அம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் நடைப் பக்கம் தலையைச் சாய்த்து, அடுத்த தடவை கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்.